வில்லுக்கு ஒரு கணப்பு

மாரி பிறந்துவிட்டால் ஈரத்தோடு நடத்தும் போராட்டமும் நம் இல்லங்களிலே பிறந்துவிடுகிறது. சாடியில் இட்ட உப்புக் கசிகிறது. பொரித்த அப்பளம் பந்தி முடியுமுன்னே துவண்டுபோகிறது. நெருப்புக் குச்சி பத்து முறை உரசினாலும் பற்றுவதில்லை. அலுமாரியின் அடித்தட்டிலே கிடந்த பாதரட்சை பூஞ்சணம் பூத்து வெளிவருகிறது. கச்சேரிக்கு வந்த மிருதங்க வித்துவான், தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கிவிட்டதென்று முகஞ்சுளிக்கிறார். இவையெல்லாம் வீட்டளவிலே வந்து வீட்டளவிலே தீரும் தொல்லைகள் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். ஆயினும் இதே மழைக்கால ஈரம் ஒரு பெரும்படையைத் திரும்பி நடக்கச் செய்த காரணங்களுள் ஒன்றாகவும், அதன் வழியே ஓர் அரச வமிசம் வீழ்ந்து மற்றொன்று எழுவதற்குத் துணையாகவும் நின்றதுண்டு. ஈரம் புகுந்த இடம் வேறொன்றுமில்லை. வில்லை ஒட்டியிருந்த பசைதான்.

நிகழ்ந்த இடம் கொரியா. ஆண்டு 1388. கொரியோ என்னும் வமிசம் அந்நாட்டை ஆண்டுகொண்டிருந்தது. அப்பெயரிலிருந்தே இன்று நாம் வழங்கும் கொரியா என்ற பெயரும் வந்தது. சீனத்திலே புதிதாக எழுந்த மிங் அரசோடு எல்லைப் பூசல் மூண்டது. லியாவோதுங் பகுதியைத் தாக்குமாறு மன்னரும் முதுபெருந் தளபதி சோய் யொங்கும் ஆணையிட்டனர். படை நடத்தப் பணிக்கப்பட்டவர்களுள் ஒருவர் யீ சொங்கியே. வில்லாண்மையிலே பெரும்புகழ் பெற்ற தளபதி. அவர் அந்தப் படையெடுப்பு வேண்டாமென்று நான்கு காரணங்களை எடுத்துரைத்தார். சிறிய நாடு பெரிய நாட்டைத் தாக்குதல் தகாது என்பது முதலாவது. கோடையிலே படை திரட்டுதல் கூடாது என்பது இரண்டாவது. நாட்டின் படையனைத்தும் வடக்கே சென்றால் ஜப்பானியக் கடற்கொள்ளையர் புகுந்துவிடுவர் என்பது மூன்றாவது. நான்காவது காரணமே நமக்கு இன்று வேண்டியது: இது வெப்பமும் மழையும் மிகுந்த காலம், விற்களின் பசை இளகிவிடும், படையிலே நோயும் பரவும்.

அவருடைய சொல் எடுபடவில்லை. படை புறப்பட்டது. யாலு ஆற்றின் நடுவிலுள்ள விஹ்வா என்னும் தீவை அடைந்தபோது மழை கொட்டியது; ஆறு பெருகியது; கடக்க முயன்றவர் பலர் வெள்ளத்திலே மாண்டனர். யீ சொங்கியே படையைத் திருப்பினார். திரும்பிய படை தலைநகருள் புகுந்து ஆட்சியைக் கைப்பற்றியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1392இல், அவரே ஜோசொன் வமிசத்தின் முதல் மன்னரானார். அந்த வமிசம் 500 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அரசியல் ஆசையும் அதிலே கலந்திருந்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தளபதி, தம் மன்னரின் முன்னே நின்று, வில்லின் பசை இளகும் என்பதை ஓர் அரச காரணமாகச் சொல்ல முடிந்ததென்றால், அந்தப் பசையின் மேல் எத்துணைப் பொருள் தங்கியிருந்தது என்பதை நாம் உய்த்துணரலாம்.

நிற்க. வில்லென்றதும் நம் மனக்கண்ணிலே தோன்றுவது வளைத்த ஒரு கழியும் அதன் இரு முனைகளையும் பிணைத்த நாணுமே. நம் நாட்டு வேடர் ஏந்தியதும் அத்தகைய வில்தான். ஒரே மரக்கழியைச் செதுக்கி, மரப்பட்டை நாரினால் நாண் திரித்துக் கட்டிய வில் அது. முறிந்தால் காட்டிலே வேறொரு கழி கிடைக்கும். கொரியரின் கொம்பு வில்லோ அவ்வாறானதன்று. ‘காக்குங்’ என்று அவர்கள் அழைக்கும் அவ்வில் ஏறத்தாழ நாலடி நீளமே உடையது. ஆனால் அதற்குள்ளே ஒரு காடும் ஒரு கடலும் ஒரு தொழுவமும் அடங்கியிருக்கின்றன. நடு உள்ளீடு மூங்கில். இரு முனைகளும் முசுக்கொட்டை மரம். கைப்பிடிக்கு ஓக் மரம். எய்பவனை நோக்கிய பக்கத்திலே எருமைக் கொம்பின் நீண்ட தகடு. இலக்கை நோக்கிய பக்கத்திலே எருதின் தசைநாரைச் சீவி, இழை இழையாகப் படியவைத்த அடுக்கு. அதற்கு மேலே ஈரம் புகாதபடி பூர்ச்சமரப் பட்டையின் மெல்லிய போர்வை. இவையனைத்தையும் ஒன்றாக்குவது கத்தாளை இனத்துக் கடல் மீனொன்றின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. வில்லை வளைக்கும்போது உட்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. நசுங்குதலைத் தாங்குவதிலே கொம்பை வெல்லும் பொருள் அரிது. இழுபடுதலைத் தாங்குவதிலே தசைநாரும் அவ்வாறே. மரம் மட்டுமாயிருந்தால் முறிந்துபோகும் வளைவை, இவ்விரண்டும் இரு புறத்தும் காவல் நிற்பதாலே இந்தக் குறுவில் தாங்கிக்கொள்கிறது. இன்றைக்கும் கொரிய வில்லாளர் 145 மீற்றர் தூரத்திலே நிறுத்திய இலக்கை நோக்கியே எய்கின்றனர். 2 மீற்றர் அகலமும் 2.67 மீற்றர் உயரமுமான அந்தப் பலகை, எய்யுமிடத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தபால்தலை போலத்தான் தெரியும்.

கொம்புக்காக அவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. நம் வயல்களிலே சேறாடிக் கிடக்கும் நீரெருமை கொரியாவின் குளிருக்கு உரிய பிராணி அன்று. ஆகவே கொம்பைப் பிற நாடுகளிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது. அது போர்க்கருவிக்கான பொருள் என்பதால் 15ஆம் நூற்றாண்டிலே மிங் அரசு அதன் ஏற்றுமதிக்குத் தடையும் பின்னர் வரம்பும் விதித்தது. இவ்வளவு அருமையாகக் கிடைத்த பொருளைக் கொண்டு, குளிரும் வறட்சியும் கூடிய மாதங்களிலே, பசை ஒவ்வொரு படலமாக உலரும்வரை காத்திருந்து செய்யப்படுவது ஒரு வில். அப்படிச் செய்ததை ஒரு மழைக்காலத்திலே இழப்பதற்கு எவருக்குத்தான் மனம் வரும்?

மீன்பசைக்கு ஒரு குணம் உண்டு. உலர்ந்தபின் அது மரத்தையும் கொம்பையும் விடாது பிடித்துக்கொள்ளும். அதே வேளையில் வில்லோடு சேர்ந்து வளையவும் செய்யும். இறுகியும் நெகிழ்ந்தும் நிற்கும் இக்குணத்தாலேயே வில்வினைஞர் அதனைத் தேர்ந்தனர். ஆனால் அது நீரிலே கரைத்து ஆக்கிய பசையன்றோ? வெம்மையும் ஈரமும் கூடினால் பிறந்த நிலைக்கே திரும்ப விழையும். அவ்வேளையிலே தசைநாரும் ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. வில் சோர்கிறது; அம்பு வழக்கமான தூரம் செல்வதில்லை; ஒரு பக்கம் கோணுகிறது; முற்றினால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடும். கொரியாவிலே ஜூன் இறுதியிலிருந்து ஜூலை வரை ‘ஜாங்மா’ என்னும் அடைமழைக்காலம். அந்த வாரங்களே கொம்பு வில்லுக்குக் கண்டம்.

இதற்குக் கொரியர் கண்ட பரிகாரம் எளியது; ஆனால் இடைவிடாத கவனத்தை வேண்டுவது. அவர்களுடைய பழைய வீடுகளிலே ‘ஒன்டொல்’ என்னும் அமைப்பு உண்டு. அடுக்களை அடுப்பின் அனற்புகை தரையின் கீழுள்ள கல்வழிகளூடே சென்று, அறையின் தளத்தையே வெதுவெதுப்பாக்கும். அந்தத் தளத்தின் சூடான பகுதியிலே, துணியிற் சுற்றி, நாண் கழற்றிய வில்லைக் கிடத்தி வைத்தார்கள். வீட்டாருக்குச் சோறாக்கிய நெருப்பே வில்லுக்கும் கணப்பாயிற்று. ‘ஜொம்ஹ்வா’ என்று இதற்குப் பெயர். தீ ஏற்றுதல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பின்னாளிலே இதற்கென்றே மரப்பெட்டிகளும் நிலைப்பேழைகளும் எழுந்தன. இன்றைய வில் மண்டபங்களிலே அவை மின்சாரத்தின் துணையோடு இயங்குகின்றன. உள்ளே இருக்க வேண்டிய வெம்மை பொதுவாக 30 பாகை செல்சியஸை ஒட்டியது. பருவத்துக்கேற்பச் சற்று ஏற்றியும் இறக்கியும் வைப்பர்.

இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். முப்பது பாகை என்பது நம் ஊர்ப் பகற்பொழுதின் சாதாரண வெம்மைதானே. அப்படியாயின் நம் நாட்டிலே வில்லைத் திண்ணையில் வைத்தாலே போதாதோ? போதாது. வேண்டியது சூடன்று, உலர்ச்சியே. அடைத்த பெட்டியினுள்ளே காற்றை மெல்லச் சூடேற்றும்போது, அதிலுள்ள நீராவியின் அளவு மாறாவிட்டாலும் காற்றின் தாகம் மிகுகிறது; அது வில்லிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. நம் கடற்கரைக் காற்றோ ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்துவிட்டு வருவது. வெம்மை ஒன்றாயினும் விளைவு வேறாகும்.

ஈரம் பகையென்றால், வில்லை நன்றாகக் காய்ச்சி எடுத்துவிட்டால் ஆயிற்று என்று எண்ணுவதும் பேதைமை. வெம்மை மிகுந்து உலர்ச்சி எல்லை கடந்தால் பசை நொறுங்கும் தன்மையடைகிறது, கொம்பு வெடிக்கிறது, நன்கு வலுவேறியதாகக் கைக்குத் தோன்றும் வில், நாணை இழுத்த கணத்திலே முறிந்துவிடுகிறது. ஆதலால் வில்லைக் காப்பது என்பது ஈரத்தை ஒழிப்பதன்று. ஈரத்துக்கும் உலர்ச்சிக்கும் நடுவே வில்லை நிறுத்துவது. இந்த நடுநிலையை எந்த ஏட்டுச் சூத்திரமும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. பழகிய வில்லாளர் பெட்டியைத் திறந்து வில்லைக் கையிலெடுத்து, அதன் கனத்தையும் விறைப்பையும் கொண்டே அது இன்று எப்படி இருக்கிறதென்று அறிகிறார். காய்ச்சற்காரக் குழந்தையின் நெற்றியிலே புறங்கையை வைத்துப் பார்க்கும் தாயின் அறிவுதான் அது.

நாண் கழற்றிய கொம்பு வில்லைக் காண்பவர் அதனை வில்லென்றே நம்பமாட்டார். எய்யும்போது வளைவதற்கு எதிர்த்திசையிலே அது சுருண்டு, இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடுமோ என்னும்படி வட்டமாகக் கிடக்கும். அதுவே அதன் இயல்பான உறக்கநிலை. நாணேற்றுவது என்பது அந்த உறக்கத்தை முற்றிலும் மறுபுறம் புரட்டுவது. ஆகவே அது அவசரத்திற் செய்யும் காரியமன்று. வில்லை மெல்லிய தணலின்மேற் காட்டி இளக்கி, முழங்காலின் துணையோடு வளைத்து, நாணை மாட்டுவர். மாட்டியவுடன் எய்யத் தொடங்குவதில்லை. முனையிலே நாணோடு சேர்த்துத் துணி வளையத்தை இட்டுப் புரளாதபடி காத்து, வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நாண் நடுவே ஓடுகிறதா, இரு சிறகுகளும் ஒப்ப வளைந்திருக்கின்றனவா என்று நோக்குவர். ஒன்று விறைத்திருந்தால் அவ்விடத்தைச் சூடுகாட்டி அழுத்துவர். கோணல் தீராவிட்டால் ‘தோஜிகே’ என்னும் வளைந்த மரக்கட்டைகளை வைத்துக் கட்டி, ஆறும்வரை விட்டுவைப்பர். இருந்த இடத்திலே நிலைகொள்ளாமல் உடம்பை முறுக்கி நெளிபவனைக் கொரியர் ‘தோஜிகேயை முறுக்குகிறான்’ என்று சொல்வார்கள். வில்லின் பாடு மக்களின் பேச்சுக்குள்ளேயே புகுந்துவிட்டது. வில்லின் உறுப்புக்கோ உடம்பின் பெயர் கிடைத்திருக்கிறது. சிறகு வளையும் இடங்களுக்கு வழங்கும் ‘ஓகும்’ என்ற சொல்லுக்கு முழங்காலின் பின்மடிப்பு என்று பொருள்.

எய்து முடிந்ததும் முதல் வேலை நாணைக் கழற்றுவது. நாணேறியபடியே நாட்கணக்காகக் கிடக்கும் வில் மெல்ல மெல்ல அந்த வளைவுக்கே அடங்கிப்போகும். மீளும் வேகம் குன்றும். இது கொம்பு வில்லுக்கு மட்டுமன்றி மரவில்லுக்கும் பொருந்தும் விதி. கழற்றும்போதும் கையை விட்டுத் துள்ளவிடலாகாது. புரளும் வேகமே அதனைச் சிதைத்துவிடும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவதும் கூடாது. அம்புக்குச் சேரவேண்டிய வேகம் முழுவதும் வில்லின்மேலேயே திரும்பி வருமாதலால், விளையாட்டாகச் செய்த ஒரு முறையிலேயே வில் முறிந்துபோனாலும் வியப்பில்லை. கழற்றிய வில் ‘குங்தே’ என்னும் துணிப்பைக்குள் செல்லும். அந்தப் பையே, எய்யும் வேளையிலே வில்லாளரின் இடுப்பிற் கட்டிய கச்சையாகி அம்புகளைத் தாங்கும். வில் வெளியே வந்தால் உறை கச்சையாகும். வில் உறங்கப் போனால் கச்சை உறையாகும். வீணாகக் கிடக்கும் பொருள் ஒன்றுமில்லை.

இத்தனை பேணுதலுக்கும் உரியதாயிருந்த வில்லுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வேறொரு கண்டம் வந்தது. ஜோசொன் ஆட்சியிலே படைத்துறைப் பரீட்சையில் வில்வித்தை முக்கிய பாடமாயிருந்தது. 1894இன் சீர்திருத்தத்திலே அப்பரீட்சை ஒழிந்தது. வில்லும் படைக்கலம் என்னும் நிலையிலிருந்து நீங்கியது. துப்பாக்கியின் முன்னே அது தவிர்க்க முடியாதது. ஆயினும் வில்லை மக்களின் பயிற்சியாகவேனும் நிலைநிறுத்த வேண்டுமென்று கோஜொங் மன்னர் விரும்பினார். 1899இல் சியோல் நகரின் அரண்மனையொன்றிலே ‘ஹ்வாங்ஹாக்ஜொங்’ என்னும் வில் மண்டபம் அமைந்தது. மஞ்சள் நாரை மண்டபம் என்பது அப்பெயரின் பொருள். பிற்பாடு இன்வாங் மலையடிவாரத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றும் அங்கே அது வில்லொலி கேட்டு நிற்கிறது.

மூன்றாவது கண்டம் நட்பின் வேடத்திலே வந்தது. 1970களிலே கண்ணாடிநாரினாற் செய்த வில் புழக்கத்துக்கு வந்தது. உருவம் பழைய வில்லினது; விலை குறைவு; மழைக்கு அஞ்சாது; கணப்புக் கேட்காது; நாணேற்ற முதியவரின் துணையும் வேண்டாது. அதனாலேயே பலர் வில்லைக் கையிலெடுக்க முடிந்தது என்பதையும் நாம் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இலக்கை அடிப்பதற்குப் பழைய பொருள் இன்றியமையாததன்று என்பதும் உண்மையே. ஒலிம்பிக் போட்டிகளிலே கொரியப் பெண்கள் அணி 1988 முதல் 2024 வரை பத்து முறையும் தொடர்ந்து தங்கம் வென்றது, முற்றிலும் புதிய முறையிலே செய்த விற்களைக் கொண்டே.

அப்படியானால் இழந்தது யாது? கவனிக்க வேண்டிய கட்டாயத்தையே. கண்ணாடிநார் வில்லை வைத்திருப்பவர் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பெட்டியின் வெம்மை எவ்வளவு, நேற்றைய மழை வில்லின் எந்தப் பக்கத்தைத் தளர்த்தியது, எந்த இடத்திற்கு எவ்வளவு சூடு என்னும் கேள்விகள் அவருக்கு எழுவதில்லை. கேள்வி எழாத இடத்திலே விடையும் நெடுநாள் தங்குவதில்லை. ஒரு தலைமுறை கேட்காதுவிட்டால், அடுத்த தலைமுறைக்குச் சொல்ல ஆளிருக்காது.

கொரியர் இதனை உணர்ந்தே சில வேலிகளை இட்டிருக்கின்றனர். வில்லும் அம்பும் செய்யும் தொழிலை 1971இலேயே தேசிய மரபுரிமையாக அறிவித்தனர். வில் எய்தற் பயிற்சி 2020இலே அவ்வாறு அறிவிக்கப்பட்டது. இவற்றினும் நுட்பமானது வில்லாளர் சங்கத்தின் ஒரு விதி. தரப்படிகளில் 5ஆவது படிக்கும் அதற்கு மேலும் ஏற விரும்புவோர் கொம்பு வில்லையும் மூங்கில் அம்பையும் கொண்டே எய்து காட்ட வேண்டும். கற்றுக்கொள்ள வருபவனுக்கு எளிய வில் போதும். தேர்ந்தவன் என்று பெயர் பெற வேண்டுமாயின், குறி தப்பாமை மட்டும் போதாது. பேணவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கலையை அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காப்பதற்கும், அதனைக் கற்பவனுடைய அன்றாடக் கடமையாக்கிக் காப்பதற்கும் உள்ள வேற்றுமை இந்த ஒரு விதியிலே விளங்குகிறதல்லவா?

நம் வீடுகளிலே கொம்பு வில் இல்லை. ஆனால் பாட்டனார் வாசித்த மிருதங்கம் பரணிலே கிடக்கலாம். அம்மாவின் வீணை உறையோடு சுவரிற் சாய்ந்து நிற்கலாம். அவையும் தோலும் மரமும் மெழுகும் ஒன்றோடொன்று இசைந்து வாழும் குடும்பங்களே. ஈரச் சுவரோரம் வைத்தால் தோல் பூஞ்சணம் பிடிக்கும்; வெயிலில் வைத்தால் வீணையின் மெழுகு இளகி மெட்டுக்கள் அசையும்; காற்றுப் புகாத பிளாஸ்திக் உறையிலே இறுக்கிக் கட்டினால் உள்ளே அகப்பட்ட ஈரமே எதிரியாகும். மாதம் ஒரு முறையேனும் வெளியே எடுத்து, துடைத்து, நிழற்காற்றிலே வைத்து, கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். பயன்படுத்தும் நாளிலே எல்லாரும் ஒரு பொருளை மதிப்பார்கள். பயன்படாது கிடக்கும் நாட்களிலே அதனை யார் நினைத்துப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது.

விஹ்வாத் தீவிலே மழை பொழிந்த அந்த நாளிலே படைவீரர்களின் விற்கள் நனைந்து கிடந்திருக்கும். அவர்களுடைய வீடுகளிலே தரையை வெதுவெதுப்பாக்கும் அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கும். வில்லுக்கு வேண்டியிருந்தது அந்த அடுப்பின் இளஞ்சூடுதான். அடுத்த மாரிக்கு முன்னர் நம் பரணையும் அலுமாரியையும் ஒரு முறை திறந்து பார்ப்போமாக.